பால் குறைந்தால் முதலில் கட்டுத்தரையைப் பாருங்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மாடு பால் குறைந்தால் நம்மில் பலர் முதலில் கை வைப்பது தீவன மூட்டையில்தான். கம்பெனியை மாற்றுவோம், புண்ணாக்கைக் கூட்டுவோம், யாரோ சொன்னார்கள் என்று டானிக் வாங்கி ஊற்றுவோம். அதற்கும் சரிவராவிட்டால் மாட்டையே சந்தைக்கு ஓட்டிவிடுவோம். அப்படி ஒரு ஜெர்சிக் கலப்பு மாட்டை நானும் விற்றேன். வாங்கியவர் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது அதே மாடு வேளைக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் கறந்துகொண்டிருந்தது. தீவனம் நான் போட்டதுதான். வித்தியாசம் என்னவென்றால், அது ஒரு வேப்பமரத்தடியில் மண் தரையில் கயிறில்லாமல் படுத்திருந்தது, பக்கத்துத் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருந்தது. என் வீட்டில் தாழ்வான சிமெண்ட் சீட்டுக்குக் கீழே, ஒரு முழக் கயிற்றில் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு, எந்தக் குறை வந்தாலும் மாடு நிற்கிற இடம், படுக்கிற இடம், மேய்கிற இடம் என்ற வரிசையில் பார்த்துவிட்டுத்தான் தீவனத்துக்குப் போகிறேன். இரண்டு மாடு முதல் பத்து மாடு வரை வைத்திருப்பவர்களுக்காக, அந்த வரிசையை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மாட்டிடம் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒரே நாளில் மூன்று முறை கட்டுத்தரைக்குப் போய், எதையும் செய்யாமல், மாட்டைத் தொடாமல், கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மதியம் இரண்டு மணி, இரவு பத்து மணி, விடியற்காலை கறவைக்கு முன். நாம் வழக்கமாகப் போகிற நேரமெல்லாம் கறவை நேரமும் தீவன நேரமும்தான். அப்போது எல்லா மாடும் எழுந்து நின்று நம் கையைத்தான் பார்க்கும். அதன் கஷ்டம் நாம் இல்லாத நேரத்தில்தான் தெரியும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

இடது வயிறு மேளம் போல உப்பி மூச்சுத் திணறுவது. மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரெனத் தள்ளாடி விழுவது. கன்று ஈன்ற ஒன்றிரண்டு நாளில் கழுத்தை வளைத்து விலாவில் சாய்த்துப் படுத்து எழாமல் கிடப்பது, காது சில்லென்று இருப்பது. சிறுநீர் காப்பி நிறத்தில் போவது. வாயைத் திறந்து நாக்கைத் தள்ளி மூச்சு வாங்குவது. இவற்றுக்குக் கொட்டகையைத் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. உள்ளூர் கால்நடை மருத்துவரை அழையுங்கள், கிடைக்காவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். மற்றவை எல்லாம் நிதானமாகப் பார்த்துச் சரி செய்யக்கூடியவை.

மதியம் மூச்சு வாங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, போட்ட சோளத்தட்டு அப்படியே கிடக்கிறது

மதியம் போனபோது மாட்டின் பின்விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நாற்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. அறுபதைத் தாண்டினால் மாடு வெப்பத்தில் தவிக்கிறது. எண்பதைத் தாண்டினால் அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். நமக்கு இதமாகத் தெரிகிற வெயில் கலப்பின மாட்டுக்கு இதமில்லை. ஹோல்ஸ்டீன் ரத்தம் கூடுதலாக உள்ள மாடு 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சிரமப்பட ஆரம்பிக்கும். நம் சித்திரை மாதம் என்ன வெயில் அடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் மாடு அதே வெயிலில் நின்று அசைபோடுவதைப் பார்த்து இதற்கும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பெரும்பாலான கொட்டகைகளின் குறை உயரம்தான். செலவு மிச்சம் என்று ஆறடி, ஏழடியில் சீட் போட்டுவிடுகிறோம். காய்ந்த சீட் அடுப்பு மாதிரி கீழே வெப்பத்தை இறக்கும். மாடு படுத்தாலும் நின்றாலும் முதுகு வேகும். ஓரத்தில் 8 முதல் 10 அடி, நடு முகட்டில் 13 முதல் 15 அடி இருந்தால்தான் சூடான காற்று மேலேறிப் போகும். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் நேர் வெயில் உள்ளே விழுவது குறையும். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பிரித்துக் கட்ட முடியாது என்றால், சீட்டுக்கு மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு வெள்ளை அடியுங்கள். பூசணிக் கொடியை ஏற்றிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அது நல்ல யோசனை.

அடுத்து சுவர். திருட்டுப் பயத்தில் நாலு பக்கமும் சுவர் எழுப்பி ஒரு ஜன்னல் வைத்த கொட்டகைகள் நிறைய உண்டு. மாட்டுக்கு இடுப்பளவுச் சுவர் போதும், அதற்கு மேல் திறந்திருக்க வேண்டும். மார்கழிக் காற்றுக்கும் மழைச் சாரலுக்கும் சாக்குப் படுதாவை இறக்கி விட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் தெளிப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் தண்ணீரை மட்டும் தெளித்தால் உள்ளே புழுக்கம் கூடி, மாடு முன்னைவிட அதிகமாகத் தவிக்கும். காற்றுதான் முதலில் வேண்டும். ஒரு மின்விசிறியை வைத்துவிட்டு, மாட்டின் முதுகு நனையும் அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் தெளித்து நிறுத்துங்கள். காய்ந்த பிறகு மறுபடியும் தெளிக்கலாம். தண்ணீர் மடிக்கு ஒழுகக் கூடாது.

அப்புறம் குடிதண்ணீர். “காலையிலும் சாயங்காலமும் தண்ணி காட்டுறோமே” என்பார்கள். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குக் கோடையில் 70, 80 லிட்டர் வேண்டும். இரண்டு வேளையில் அவ்வளவையும் குடித்துத் தீர்த்துக்கொள் என்றால் எப்படி முடியும்? மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில், நிழலில், எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தீவன நேரத்தையும் மாற்ற வேண்டும். தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும், தின்ற சில மணி நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். பதினொரு மணிக்குத் தீவனம் போட்டால் அந்தச் சூடும் வெளி வெயிலும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும். கோடையில் தீவனத்தின் பெரும்பங்கைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் விடியற்காலையிலும் போடுங்கள். இரவில் ஒரு முறை தட்டை உதறிப் போட்டுவிட்டுப் படுங்கள்.

படுப்பதில்லை, படுத்தாலும் எழச் சிரமப்படுகிறது, முட்டி வீங்கியிருக்கிறது

இரவு பத்து மணிப் பார்வை இதற்குத்தான். ஆரோக்கியமான கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் படுத்திருக்கும். படுத்து அசைபோடும் நேரம்தான் பால் ஊறும் நேரம். ஒரு லிட்டர் பால் ஊற 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும் என்பது கணக்கு. மாடு படுத்திருக்கும்போது அந்த ஓட்டம் கூடும். நிற்க வைத்தே வைத்திருந்தால் பாலும் குறையும், குளம்பும் கெடும்.

நீங்கள் போனபோது மாடு தலையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டே இருக்கிறதா? முன்னங்கால் கட்டுத்தரையிலும் பின்னங்கால் வடிகாலிலும் இருக்கிறதா? படுக்கலாமா வேண்டாமா என்று தரையை முகர்ந்து முகர்ந்து பின்வாங்குகிறதா? மூன்றுக்கும் காரணம் தரை, கயிறு, அல்லது நீளம்.

தரையைச் சோதிக்க நான் செய்வது இது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடு படுக்கிற அதே இடத்தில் முழங்காலிட்டு, எண்ணி இருபது வினாடி இருங்கள். முட்டி வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். அது நம்மைவிட ஐந்தாறு மடங்கு எடையோடு முட்டியில் இறங்குகிறது. எழும்போது முட்டி ஈரமாக இருந்தால் மடிநோய்க்கான வாசல் திறந்திருக்கிறது. சிமெண்ட் தரை வழவழப்பாக இருந்தால் மாடு எழும்போது வழுக்கும், ஒரு முறை வழுக்கி விழுந்த மாடு அதற்குப் பிறகு படுக்கவே யோசிக்கும். கொத்தனாரிடம் சொல்லி, விரற்கடை அகலத்துக்குக் கோடு வெட்டிவிடுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் பூச்சு காயும் முன்பே சொரசொரப்பாக விடச் சொல்ல வேண்டும்.

ரப்பர் விரிப்பு நல்லதுதான். ஆனால் விரித்ததோடு விட்டுவிடுகிறோம். வாரம் ஒரு முறை தூக்கி அடியில் கழுவாவிட்டால் அங்கே தேங்கிய மூத்திரம் வேறு நோய்களைக் கொண்டுவரும்.

கயிற்றுக்கு ஒரு சோதனை உண்டு. படுத்திருக்கும் மாடு தலையைத் திருப்பித் தன் விலாவில் வைத்துக்கொள்ள முடிய வேண்டும். முடியாவிட்டால் கயிறு குட்டை. மாடு எழும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள்: முன்முட்டியில் நின்று, தலையை முன்னால் இரண்டு மூன்று அடி உந்தித் தள்ளி, அந்த வேகத்தில் பின்பாகத்தைத் தூக்கும். பிறகுதான் முன்னங்கால். முகத்துக்கு நேரே சுவர் இருந்தால், அல்லது கயிறு இழுத்துப் பிடித்தால், அந்த உந்தல் வராது. அப்போதுதான் நாய் உட்காருவது போல முன்னங்காலை முதலில் ஊன்றிக் கோணலாக எழும். இப்படி எழுகிற மாட்டைப் பார்த்தால் காலில் வாதம் என்று மருந்து தேட வேண்டாம், கயிற்றை அவிழ்த்து ஒரு நாள் திறந்த இடத்தில் விட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக எழுந்தால் குறை கட்டுத்தரையில்தான்.

நிற்கும் இடத்தின் நீளம் ஐந்தரை முதல் ஆறடி, அகலம் மூன்றரை முதல் நாலடி வேண்டும். நாட்டு மாட்டுக்குக் கட்டிய பழைய கட்டுத்தரையில் பெரிய எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) மாட்டைக் கட்டினால் பின்பாகம் வடிகாலில்தான் நிற்கும். தீவனத் தொட்டியின் அடிமட்டமும் மாடு நிற்கும் தரையைவிடச் சாண் அளவுக்குள் உயர்ந்திருந்தால் போதும். மாடு இயல்பாகக் குனிந்து மேய்கிற பிராணி, குனிந்து தின்றால் எச்சில் நன்றாக ஊறிச் செரிக்கும். கழுத்தின் மேல்பக்கம் முடி கொட்டி வழுக்கையாக இருந்தால் தொட்டிக்கு மேலே உள்ள குறுக்குக் குழாய் தாழ்வு. முன்கழுத்தில் காய்ப்பு இருந்தால் தொட்டியின் விளிம்பு உயரம்.

இடம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கறவைக்கும் தீவனத்துக்கும் மட்டும் கட்டுங்கள், மற்ற நேரம் அவிழ்த்து விடுங்கள். ஒரு மாட்டுக்குக் கூரைக்கு அடியில் 38 சதுர அடியும் திறந்தவெளியில் 75 சதுர அடியும் இருந்தால் போதும். சுற்றிலும் மூங்கிலோ பழைய இரும்புக் குழாயோ நட்டு, நடுவில் மணலோ செம்மண்ணோ கொட்டி, ஒரு மரம் இருந்தால் அதையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டுகிற மாட்டை மட்டும் தனியே பிரித்துவிட வேண்டும். முதல் இரண்டு நாள் தள்ளுமுள்ளு இருக்கும், அப்புறம் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு வந்துவிடும்.

மடி கல்லாகிறது, பாலில் திரி வருகிறது

இதுதான் மடிநோய். மருந்து மருத்துவர் கொடுப்பார். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காரணத்தை நாம்தான் பார்க்க வேண்டும். கறந்து முடித்ததும் காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்ளாது, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு ஈரத் தரையில் படுத்தால் சாணியும் மூத்திரமும் நேராகக் காம்புக்குப் போகும். ஆகவே கறந்த கையோடு பச்சைத் தீவனத்தைப் போடுங்கள், தின்றுகொண்டே நிற்கும். கறப்பதற்கு முன்னால் தீவனத்தைக் கொடுத்து முடித்துவிடுகிற பழக்கம் இருந்தால் அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை குறையும்.

தரையில் தண்ணீர் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வடிகாலுக்குப் போய்விட வேண்டும். நாற்பது அடிக்கு ஓர் அடி சரிவு என்பது கணக்கு, அதாவது ஐந்தரை அடித் தரைக்குச் சுமார் ஒன்றரை அங்குலம். எங்காவது குட்டை கட்டினால் அந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசிவிடுங்கள்.

முதல் இரண்டு பீய்ச்சலைத் தரையில் விடாமல் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சினால் திரி தொடங்கும்போதே கண்ணில் படும். நல்ல மாட்டை முதலிலும் நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியிலும் கறக்க வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் பரப்பிய மூலிகை முறை ஒன்று எங்கள் பக்கம் நன்றாகப் பழக்கத்தில் இருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியை முழுக்கப் பீய்ச்சிக் கழுவிய பிறகு ஒரு நாளைக்குப் பத்து முறை வரை ஐந்து நாள் பூசுவது. ஆரம்ப வீக்கத்துக்கு இது கேட்கிறது. காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ மருத்துவரைக் கூப்பிடாமல் இருக்கக் கூடாது. ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள் வரை பால் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரிகிறது

குனிந்து, மாட்டின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். நின்றபடி நமக்குத் தெரியாத நெடி அங்கே தெரியும். மூத்திரம் தேங்குவதும் காற்று நுழையாததும்தான் காரணம். வடிகாலைத் தினமும் தேய்த்துவிடுங்கள், குப்பைக்குழியைக் காற்று வரும் திசையிலிருந்து மாற்றுங்கள். கன்றுகள் இருமுவதற்கும் இதே நெடிதான் பெரும்பாலும் காரணம், ஏனென்றால் அவற்றின் மூக்கு இன்னும் தாழ்வாக இருக்கிறது.

நடக்கும்போது முதுகை வளைத்து நொண்டுகிறது

முதலில் காலைத் தூக்கி முள், ஆணி, கல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குளம்பின் நீளத்தைப் பாருங்கள். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுக்குக் குளம்பு தானாகத் தேயும், கட்டியே கிடக்கும் மாட்டுக்குச் செருப்பு மாதிரி முன்னால் வளர்ந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை ஆள் வைத்துச் சீவிவிட வேண்டும். குளம்பு இடுக்கில் நாற்றமும் சீழும் இருந்தால் தரை எப்போதும் ஈரம் என்று அர்த்தம். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) நூற்றுக்கு ஐந்து பங்கு கரைத்து, மாடு மிதித்துப் போகும்படி வாசலில் ஒரு தொட்டி வைக்கலாம். அந்தக் கரைசலை மாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விஷம்.

நாள் முழுக்க மேய்ந்து வந்தும் வயிறு ஒட்டியே இருக்கிறது

மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு குழி தெரியும். நன்றாகத் தின்ற மாட்டுக்கு அந்தக் குழி நிரம்பியிருக்கும். சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் மாட்டின் அந்த இடத்தில் உங்கள் உள்ளங்கை பதியும் அளவுக்குக் குழி இருந்தால், அது மேயவில்லை, நடந்துவிட்டு மட்டும் வந்திருக்கிறது.

கணக்கு இப்படி. மாட்டுக்கு வயிறு நிறைய எட்டு மணி நேரம் மேய வேண்டும். சித்திரையில் பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும், நாலு மணி வரை மாடு மரத்தடியைவிட்டு நகராது. எட்டு மணிக்கு ஓட்டிப் போய் ஐந்து மணிக்குத் திருப்பினால் உண்மையில் மேய்ந்தது மூன்று மணி நேரம்தான். ஆறு மணிக்கே அவிழ்த்து, பத்து மணிக்கு நிழலுக்கும் தண்ணீருக்கும் கொண்டுவந்து, நாலு மணிக்கு மறுபடி விட்டு இருட்டும் வரை மேய்த்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

நிலத்திலேயே புல் இல்லையென்றால்? இங்கேதான் கொறங்காட்டுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் போனால் கிளுவை முள்வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம், அதுதான் கொறங்காடு. உழவு கிடையாது, பாசனம் கிடையாது. கீழே கொழுக்கட்டைப்புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் உயிர்வேலி. காங்கேயம் மாடு இந்த நிலத்தில் வளர்ந்த இனம். கோடையில் புல் காய்ந்துபோனாலும் வெள்வேலங்காய் உதிரும், மாடும் ஆடும் அதைத் தின்று தாக்குப் பிடிக்கும். காயில் உள்ள விதை சாணியோடு விழுந்து மறுபடி முளைக்கும்.

கொறங்காட்டின் சூட்சுமம் வேலியில்தான். நிலத்தை நாலைந்து துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டில் மேயும்போது மற்றவை ஓய்வில் இருக்கும். புல்லின் அடிக்கட்டை வரை கடிக்க விடாமல் அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுவார்கள். மொட்டையாக மேய்ந்த புல் வேரில் இருக்கிற சேமிப்பை எடுத்துத்தான் மறுபடி துளிர்க்க வேண்டும், துளிர்த்ததும் மறுபடி கடித்தால் வேரே செத்துவிடும். அப்படிச் செத்த இடத்தில்தான் பார்த்தீனியமும் ஆவாரையும் வருகின்றன. உங்களிடம் ஓர் ஏக்கர் மேய்ச்சல் நிலம்தான் இருக்கிறது என்றாலும் நாலாகப் பிரியுங்கள். நாலு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே மாட்டை வெளியே எடுங்கள். மழை கிடைத்தால் ஒரு மாதம், கிடைக்காவிட்டால் அதற்கும் மேல் ஓய்வு கொடுங்கள். முதல் மழை பெய்து பச்சை தெரிந்ததும் மாட்டை உள்ளே விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல்.

பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டை வறண்ட மேய்ச்சலை மட்டும் நம்பி வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேய்ச்சல் என்பது நடை, வெயில், மூச்சுக் காற்று. வயிற்றுக்கு 20, 25 கிலோ பச்சைத் தீவனமும் நாலைந்து கிலோ உலர்தீவனமும் கொட்டகையில் காத்திருக்க வேண்டும். கம்பு நேப்பியர் மட்டுமே போடாமல் வேலிமசாலோ அகத்தியோ கலந்து போடுங்கள்.

மேய்ச்சலில் வயிறு உப்புகிறது, அல்லது திடீரென விழுகிறது

இரண்டும் வேறு வேறு. உப்புவது பெரும்பாலும் பயறு வகைச் செடியை, அதுவும் பனி ஈரத்தோடு, பசி வயிற்றில் வளைத்து வளைத்துத் தின்பதால். குதிரைமசால், காராமணிக் காட்டுக்குள் விடுவதற்கு முன் இரண்டு கைப்பிடி வைக்கோலோ தட்டோ கொடுத்து, பனி உலர்ந்த பிறகு விடுங்கள். உப்பிவிட்டால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, முன்னங்கால் மேடாக இருக்கும்படி நிறுத்தி, வாயில் குறுக்கே ஒரு குச்சியைக் கடிவாளம் போலக் கட்டுங்கள். மென்றுகொண்டே இருக்கும்போது ஏப்பம் பிரியும். கால் முதல் அரை லிட்டர் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றலாம். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், அதில் செத்த மாடுகள் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விட்டு ஊற்றுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வருகிற வயிற்றுக் கோளாறு இன்னொரு வகை. ஆசையாகக் குண்டான் குண்டானாக வைக்கிற பொங்கல் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். மாட்டுக்கு ஒரு கைப்பிடி பொங்கல் போதும், ஆசையைக் கரும்புத் தோகையில் காட்டலாம்.

திடீரென விழுவதற்கு நம் மண்ணில் முதல் சந்தேகம் சோளப்பயிர். இளம் சோளத்திலும், மழையில்லாமல் வாடி நின்ற சோளத்திலும், அறுத்த கட்டையில் துளிர்த்த போத்திலும் சயனைடு நச்சு உண்டாகும் பொருள் அதிகம். பச்சைப் பசேலென்று இருப்பதால் மாடு ஆவலாகப் பாயும். பத்து, பதினைந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். சில நேரம் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அக்கம்பக்கத்தில் ஒருவர் இரண்டு சினை மாடுகளை இப்படி இழந்த நாள் எனக்கு மறக்கவில்லை. ஒரு வார மழைக்குப் பிறகு துளிர்த்த பழைய சோளக்காடு அது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. இதற்கு மாற்று மருந்து உண்டு, சோடியம் தயோசல்பேட்டை மருத்துவர் ரத்தக் குழாயில் ஏற்றினால் மாடு கண்முன்னே எழும். ஆனால் நேரத்தோடு கிடைக்க வேண்டும், அழைக்கும்போதே “சோளப்பயிர் தின்றுவிட்டது” என்று சொல்லிவிடுங்கள்.

தடுப்பது எளிது. சோளம் பூப்பிடிக்கும் வரை மாட்டை அண்ட விடாதீர்கள். பலமுறை அறுக்கும் தீவனச் சோளமான கோ எஃப்.எஸ். 29 போன்றவற்றையும் விதைத்து 65 நாள் வாக்கில்தான் முதல் அறுப்பு. அறுத்துக் காயவைத்தால் நச்சு வெகுவாகக் குறையும். சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்கள் மரவள்ளித் தழைக்கும் இதையே செய்ய வேண்டும்: உலர்த்திய பிறகே தீனி.

உண்ணி ஒழியவே மாட்டேன் என்கிறது

மாட்டின் மேல் மட்டும் மருந்து அடிப்பதால் ஒழிவதில்லை. வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர் வெடிப்பையும் முளைக்குச்சியின் அடியையும் பாருங்கள், குவியல் குவியலாகத் தெரியும். வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து, சுண்ணாம்பு அடித்து, மாட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரே நாளில் மருந்து அடிக்க வேண்டும். முட்டை பொரித்து வருவதற்காக இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து அடிக்கும் முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வாய்க்கூடை போடுங்கள், நக்கிவிடும். காது உட்புறம், வால் அடி, மடிக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள இடுக்கு, இந்த மூன்று இடத்தையும் விடாதீர்கள். தோள்பட்டைக்கு முன்னால் கட்டி திரண்டு காய்ச்சல் அடித்தால் உண்ணியால் வரும் ரத்தநோயாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

பருவத்துக்கு வருவதே தெரியவில்லை

மாடு மலடு என்று முடிவு செய்வதற்கு முன் அதைக் கட்டி வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும், ஆனால் அடையாளம் காட்ட மாட்டுக்கு இடம் வேண்டும். கட்டிய கயிற்றில் இன்னொரு மாட்டின் மேல் தாவ முடியாது, தாவ வரும் மாட்டுக்கு நின்று கொடுக்கவும் முடியாது. வழுக்குகிற சிமெண்ட் தரையில் தாவவே பயப்படும். விடியற்காலையும் அந்திநேரமும் அரை மணி நேரம் மண் தரையில் எல்லா மாட்டையும் சேர்த்து அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கண்ணாடி போன்ற வழும்பு, அடிக்கடி கத்துவது, மற்ற மாடு ஏறும்போது நகராமல் நிற்பது, மூன்றும் அப்போது தெரியும். கோடையில் அறிகுறி மங்கலாகவும் சில மணி நேரமே நீடிப்பதாகவும் இருக்கும், ஆகவே அந்த மாதங்களில் இரவிலும் ஒரு முறை பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். தேதியைக் கொட்டகைத் தூணிலேயே எழுதி வையுங்கள், அடுத்த 21 நாளை யாரும் மறக்க முடியாது.

மாற்றியாகிவிட்டது, எப்போது தெரியும்?

தண்ணீரும் நிழலும் கொடுத்த அன்றே மதிய மூச்சு எண்ணிக்கை இறங்கும். கயிற்றை நீட்டி மண் தரையில் விட்டால் இரண்டு மூன்று இரவில் படுக்கும் நேரம் கூடும். பால் ஏற ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம், அதற்குள் பொறுமையிழந்து தீவனத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், கறவை அளவைத் தினமும் எழுதுங்கள். முட்டி வீக்கம் வற்றச் சில வாரம் ஆகும். குளம்பு மாதத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் வளரும், கெட்டுப்போன குளம்பு கீழே இறங்கிச் சீவியெடுக்கப் பல மாதம் வேண்டும். சித்திரை வெயிலில் கெட்ட சினைப்பிடிப்பு ஆடி, ஆவணி வரைக்கும்கூடச் சரியாகாமல் இருக்கலாம். ஆகவே கூரை வேலையை மாசியிலேயே முடித்துவிடுங்கள்.